ஆட்டோகிராஸ்ல உங்க கார் எந்த கிளாஸ்? மாடிஃபிகேஷன் விதியைப் படிக்கிற முறை

[காட்சி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போற ரோடு. கேஎல் 70 நம்பர் போட்ட வெள்ளை ஸ்விஃப்ட் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குள்ள திரும்புது.]

ஆட்டோகிராஸ்னா கோன் வெச்ச டிராக்குலயோ மண் டிராக்குலயோ நேரம் பார்த்து ஓட்டற கார் போட்டி. அதுக்குப் பேர் குடுத்த இந்தக் கார்ல என்னென்ன மாத்தியிருக்குன்னு முதல்ல பார்த்துடலாம். ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சிசி. 15 இஞ்ச் அலாய் வீல். லோயரிங் ஸ்ப்ரிங். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாடி ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். பானெட்டைத் திறந்தா கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாத ஏர் ஃபில்டர்), குறுக்கே ரெண்டு ஸ்ட்ரட் டவரையும், அதாவது ஷாக்கோட மேல் முனை மாட்டற இடத்தை, இணைக்கிற ஒரு ஸ்ட்ரட் பார். என்ட்ரி ஃபாரத்துல "ஸ்டாக் கிளாஸ், 1400 சிசி வரை"ன்னு எழுதியிருக்கு. ஸ்க்ரூட்டினில, அதாவது போட்டிக்கு முன்னாடி கார் விதிப்படி இருக்கான்னு சோதிக்கிற இடத்துல, இது நிக்குமா?

நிக்காது. இதுல எது இடிக்குது, எதைக் கழட்டினா சரியாகும், எதைக் கழட்டவே தேவையில்லைங்கறதைத்தான் ஒவ்வொண்ணா பார்க்கப் போறோம்.

[காட்சி: வரைபடம். சித்தூர், வாளையார், வேலந்தாவளம், பொள்ளாச்சி, செட்டிப்பாளையம்.]

பாலக்காடு கிழக்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி உண்டு. பார்டர் தாண்டினா செட்டிப்பாளையத்துல 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே. அதனால கோயம்புத்தூர்ல ரேஸ் கார் வேலை தெரிஞ்ச கைகளுக்குப் பஞ்சமே இல்ல. சிக்கலும் அங்கேயேதான். சர்க்யூட் காருக்கு வேலை செஞ்சு பழகினவர் உங்க காருக்கும் நல்ல மனசோட நாலு சாமான் சேர்த்துப் போட்டு அனுப்புவார். ஒவ்வொண்ணும் நல்ல சாமான்தான். ஆனா அதுல ஒண்ணே ஒண்ணு உங்களை வேற கிளாஸுக்குத் தள்ளிடும். கிளாஸ்ங்கறது காரோட சராசரியைப் பார்த்து முடிவாகிறதில்ல. விதியை அதிகமா மீறின ஒரு பாகம் எங்க நிக்குதோ, மொத்தக் காரும் அங்கதான்.

படிக்க வேண்டிய காகிதம் மூணு அடுக்கு. மேல உலக மோட்டார் போட்டி அமைப்பான எஃப்ஐஏவோட கார் விதிகள், பேரு அப்பெண்டிக்ஸ் ஜே. அதுக்குக் கீழ நம்ம நாட்டு அமைப்பு எஃப்எம்எஸ்சிஐயோட டெக்னிக்கல் விதிகள். கடைசியா அந்தப் போட்டிக்குன்னே வர்ற சப்ளிமென்டரி ரெகுலேஷன், அதாவது எஸ்ஆர். படிக்கும்போது தலைகீழா வாங்க. முதல்ல எஸ்ஆர், ஏன்னா கிளாஸ் பட்டியல் அதுலதான் இருக்கு. அப்புறம் புல்லட்டின் ஏதாவது வந்திருக்கான்னு நோட்டீஸ் போர்டைப் பாருங்க. எஸ்ஆர்ல இருக்கிறதை ஒரு புல்லட்டின் மாத்திட்டுப் போயிடும்.

இந்த வீடியோவுல உதாரணத்துக்கு அமெரிக்காவோட எஸ்சிசிஏங்கற கார் கிளப்போட சோலோ, அதாவது ஆட்டோகிராஸ், விதிகளை எடுத்துக்கிறோம். அது இங்க செல்லாது, முதல்லயே சொல்லிடறோம். ஆனா ஆட்டோகிராஸுக்குன்னே எழுதின புத்தகங்கள்ல அதுதான் ரொம்ப விரிவா, அளவோட எழுதியிருக்கு. அதைப் படிக்கப் பழகினா எந்த எஸ்ஆரையும் படிச்சிடலாம்.

[திரையில்: "அனுமதின்னு எழுதியிருந்தா மட்டும்தான் அனுமதி"]

"அண்ணா, ரூல்ல ஸ்ட்ரட் பார்னு ஒரு வார்த்தையே இல்லையே, அப்ப போடலாம்ல?"

ஒவ்வொரு போட்டியிலயும் காதுல விழற கேள்வி இது. பதில்: போடக்கூடாது. அப்பெண்டிக்ஸ் ஜேயில குரூப் என், அதாவது ஃபேக்டரிக் காருக்கு நெருக்கமான கார்களுக்கான பகுதி நேராவே சொல்லுது, இந்த விதிகள் அனுமதிக்காத எல்லா மாற்றமும் தடை. எஸ்சிசிஏவும் அதே வழிதான். பந்தியில இலைக்கு வந்ததுதான் நமக்கு. சமையற்கட்டுல இருக்கேன்னு எழுந்து போய் அள்ளிக்க முடியாது. புத்தகம் ஒரு பாகத்தைப் பத்தி வாயே திறக்கலைன்னா அது ஃபேக்டரியில இருந்து வந்த மாதிரியே இருக்கணும்னு அர்த்தம்.

இதுக்கு ஒரு சின்ன விலக்கு. ஓட்டத்துக்கும் ஹேண்ட்லிங்குக்கும் சம்பந்தமில்லாத, எடையையும் பெரிசா குறைக்காத அழகு, வசதி சமாச்சாரங்களை எஸ்சிசிஏ விட்டுடும். ஸ்டிக்கர், மீட்டர், சீட் கவர் மாதிரி.

அடுத்த வரி இன்னும் முக்கியம், ஆளுங்க அதிகமா வழுக்கி விழற இடமும் இதுதான். அனுமதிச்ச ஒரு மாற்றம், அனுமதிக்காத இன்னொண்ணை இழுத்துட்டு வரக்கூடாது. இது அப்பெண்டிக்ஸ் ஜே. எஸ்சிசிஏ அதையே வேற பக்கத்துல இருந்து பிடிக்குது: அனுமதிச்ச பாகம், தடை செஞ்ச வேலையைக் கூடவே செய்யக்கூடாது.

[காட்சி: குளோஸ்-அப். டயரோட தோள் ஃபெண்டர் உள்விளிம்புல உரசின தடம், அதுக்குப் பக்கத்துல மடக்கி அடிச்ச தகரம்.]

இதைப் பாருங்க. டயர் அகலம் உங்க இஷ்டம்னு விதி விட்டிருக்கு. பெரிய டயர் போட்டாச்சு, உரசுது. உரசுதேன்னு ஃபெண்டர் விளிம்பைச் சுத்தியல்ல மடக்கியாச்சு. டயர் சரி, மடக்கினது தப்பு. ரெண்டாவது உதாரணம், கேமரா மாட்டறதுக்குன்னு ரெண்டு ஸ்ட்ரட் டவருக்கும் நடுவுல இரும்புக் குழாய் இறுக்கறது. கேமரா சரி. ஆனா அந்தக் குழாய் பாடியை விறைப்பாக்குது, அதனால அது ஸ்ட்ரட் பார். பேரை மாத்தி வெச்சாலும் ஸ்க்ரூட்டினியர் கண்ணுக்குத் தப்பாது.

"ஸ்டாண்டர்ட்"னா எந்தக் கார்ங்கறதையும் கவனிக்கணும். எல்எக்ஸ்ஐ வாங்கிட்டு இசட்எக்ஸ்ஐயோட சாமான்ல நமக்குப் பிடிச்சதை மட்டும் பொறுக்கி மாட்டினா எஸ்சிசிஏவோட ஸ்ட்ரீட் கிளாஸ்ல, அதாவது ரொம்பக் குறைவா மாத்தின கார்களுக்கான கிளாஸ்ல, ஒத்துக்க மாட்டாங்க. மாத்தினா முழுசா அந்த வேரியன்ட்டாவே மாத்தணும், அதோட எடை கூடற சாமானும் சேர்த்து.

[காட்சி: டயர் பக்கச் சுவர். எழுத்துகள் மேல கேமரா நகருது.]

இப்ப பாகம் பாகமா போகலாம். டயர்தான் முதல்ல, ஏன்னா நேரத்தைக் குறைக்கிறதுல இதுக்கு ஈடு வேற எதுவும் கிடையாது.

எஸ்சிசிஏ ஸ்ட்ரீட்ல டயரோட ட்ரெட்வேர் எண் குறைஞ்சது 200 இருக்கணும். எண் குறையக் குறைய ரப்பர் மிருது, பிடிப்பு அதிகம், தேய்மானமும் அதிகம். அந்த எண் அமெரிக்க முறையில வந்தது; இங்க விக்கிற பல டயர்ல அது அச்சடிச்சே இருக்காது. எஸ்ஆர்ல ட்ரெட்வேர் கேட்டிருந்தா, வாங்கறதுக்கு முன்னாடி கடையிலேயே பக்கச் சுவரைத் தடவிப் பார்த்துடுங்க. மண் டிராக்கா இருந்தா கேள்வியே வேற: ராலி டயர் அனுமதியா, ரோட் டயர் மட்டுமாங்கறதுதான்.

அளவு கணக்கு போடுவோம். 165/80 ஆர்14 டயரோட மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. 185/65 ஆர்15 சுமார் 621. கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால கம்பெனியே ரெண்டையும் ஸ்விஃப்ட்டுக்குக் குடுத்திருக்கு. 195/55 ஆர்15 போட்டா 595. நாலு சதவீதம் சின்னது. கியர் குட்டையாகும், கோனைச் சுத்தி வெளிய வரும்போது கார் துள்ளி எழும். நல்லதுதானேன்னு தோணும். ஆனா அதே நாலு சதவீதத்துல ரெண்டாவது கியர் சீக்கிரமே லிமிட்டர்ல, அதாவது என்ஜின் சுழற்சியோட உச்ச வரம்புல, முட்டும். டிராக்குல ஒரு நீளமான நேர்ப்பகுதி இருந்து அங்க மூணாவது போட வேண்டி வந்தா, சேர்த்த நேரம் அத்தனையும் அந்த ஒரு ஷிஃப்ட்லயே போயிடும்.

[திரையில்: வீலோட குறுக்குவெட்டுப் படம்.]

வீல். ஸ்ட்ரீட் விதி: விட்டம் ஒரு இஞ்ச் கூடலாம், குறையலாம். அகலம் ஸ்டாண்டர்ட் அளவேதான். ஆஃப்செட் ஏழு மி.மீ.க்கு மேல மாறக்கூடாது. ஆஃப்செட்ங்கறது வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டற முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கற அளவு. வீலோட உள்பக்கம் இடி (ET)ன்னு எழுதி ஒரு எண் இருக்கும், அதுதான் ஆஃப்செட். உதாரணத்துக்கு 5.5 இஞ்ச் அகலம், இடி 45 இருந்த இடத்துல 7 இஞ்ச், இடி 38 மாட்டறீங்கன்னு வெச்சுக்கோங்க. அகலம் 38 மி.மீ. கூடுது, பக்கத்துக்கு 19. ஆஃப்செட் குறைஞ்ச 7 வெளிப்பக்கம் சேரும். ஆக வெளிய 26, உள்ள 12. ஆஃப்செட் விதிக்குள்ள இருக்கு, ஆனா அகலம் மீறினதால கார் கிளாஸை விட்டு வெளிய. நிறைய பேர் இடியை மட்டும் பார்த்துட்டு அகலத்தை விட்டுடறாங்க.

இன்னொண்ணு, இது கிளாஸுக்காக இல்ல, உயிருக்காக. ஸ்விஃப்ட் ஹப்போட நடு வளையம் 54.1 மி.மீ. வெளிய வாங்கற அலாயோட துளை பெரும்பாலும் அதைவிடப் பெரிசு. நடுவுல ஹப் ரிங் போடாம மாட்டினா ஸ்டியரிங் நடுங்கும். நட்டு எம்12, பிட்ச் 1.25. அதே எம்12ல 1.5 பிட்ச் நட்டும் கடையில கிடைக்கும். ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் மரையைத் தின்னுடும்.

[காட்சி: காயில்ஓவர் ஒண்ணை மேசையில படுக்க வெச்சு, கீழ் போல்ட் மையத்திலிருந்து ஸ்ப்ரிங் உட்காருற தட்டு வரைக்கும் டேப் பிடிக்கிறாங்க.]

ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும். ஸ்ட்ரீட்ல ஷாக் எதுவும் போடலாம், வெளிய இருந்து திருகற அட்ஜஸ்ட்மென்ட் ரெண்டுக்கு மேல இருக்கக்கூடாது. ஸ்ப்ரிங் மட்டும் ஒரிஜினல். காயில்ஓவர்ல (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) இருக்கிற மரை போட்ட தட்டும் தப்பில்ல. ஆனா ஸ்ப்ரிங் உட்காருற மேற்பரப்பு ஹப்புல இருந்து ஸ்டாண்டர்ட் ஷாக்ல இருந்த அதே உயரத்துல இருக்கணும். பழைய ஷாக்கைக் கழட்டின அன்னிக்கே அந்த உயரத்தை அளந்து, டேப்போட சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பழசை ஆக்கர் கடைக்குப் போட்ட பிறகு அதை நிரூபிக்க ஆதாரம் இருக்காது.

வளைவுல கார் சாயறதைக் குறைக்கிற ஆன்ட்டி ரோல் பார் முன்னாடியோ பின்னாடியோ ஒண்ணை மட்டும் மாத்தலாம். ஸ்விஃப்ட் மாதிரி முன்சக்கர வண்டின்னா பின்னாடி தடிமனா போடறதுதான் வழக்கம். வளைவுல முன்பக்கம் வெளிய ஓடறது குறையும். பாலியூரித்தேன் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புல ரப்பருக்குப் பதிலா போடற விறைப்பான புஷ்), கேம்பர் பிளேட் (சக்கரத்தோட சாய்வை மாத்தற தட்டு) ரெண்டும் ஸ்ட்ரீட்ல கிடையாது, அடுத்த படியான ஸ்ட்ரீட் டூரிங்ல உண்டு.

எக்ஸாஸ்ட்: கடைசி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாடி உங்க இஷ்டம், அதுக்கு முன்னாடி கை வைக்கக்கூடாது. இன்டேக்: ஒரிஜினல் பெட்டிக்குள்ள ஃபில்டரை மட்டும் மாத்தலாம். பெட்டியே போச்சுன்னா கிளாஸும் போச்சு. இசியு ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தறது, கிடையாது. கண்ணுக்குத் தெரியாதேன்னு பண்றவங்க உண்டு, அதைப் பத்தி நாங்க பேச விரும்பல. ஸ்டெப்னி, ஜாக், டூல்ஸை எடுத்துடலாம். பின் சீட்டைக் கழட்டக்கூடாது.

[திரையில்: 1197 × 1.7 = 2035]

நம்ம ஊர்ல கிளாஸ் பெரும்பாலும் சிசியை வெச்சுப் பிரிக்கிறதால இந்தக் கணக்கைத் தனியா பாருங்க. எஃப்ஐஏ முறையில டர்போ பெட்ரோலுக்கு 1.7, டர்போ டீசலுக்கு 1.5 பெருக்கணும். போலோ ஜிடி டிஎஸ்ஐயும் இந்த ஸ்விஃப்ட்டும் ஒரே 1197 சிசி. ஆனா பெருக்கினா போலோ 2035. பலேனோ ஆர்எஸ் 998, பெருக்கினா 1697. ஸ்விஃப்ட் டீசல் 1248, பெருக்கினா 1872. எஸ்ஆர்ல இந்தப் பெருக்கல் சொல்லியிருக்கா இல்லையான்னு பார்க்காம ஃபாரம் நிரப்பாதீங்க.

என்ஜின் போரிங் பண்ணின வண்டியா? இந்த ஸ்விஃப்ட்டோட போர் (சிலிண்டர் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) 71.5 மி.மீ. அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா 1213 சிசி. 1400க்குள்ளதான் இருக்கு, ஆனா ஸ்டாக்கா? ரிப்பேருக்காகப் பண்ணின வேலையும் மாற்றம்தான். விதி தனியா இடம் குடுத்திருந்தா தப்பிச்சீங்க.

[காட்சி: மறுபடி அந்த வெள்ளை ஸ்விஃப்ட், பானெட் திறந்திருக்கு.]

எஸ்சிசிஏ அளவுகோல்ல வெச்சா இந்தக் காருக்கு என்ன தீர்ப்பு? சைலன்சர் பாஸ். அலாய் அகலமும் ஆஃப்செட்டும் சரியா இருந்தா பாஸ். ஸ்ட்ரட் பார், கோன் ஃபில்டர், ஸ்ப்ரிங் மூணும் ஃபெயில். பாரைக் கழட்டப் பத்து நிமிஷம். ஒரிஜினல் ஃபில்டர் பெட்டி கையில இருந்தா அது அரை மணி நேர வேலை. ஸ்ப்ரிங்தான் அரை நாள் இழுக்கும், அப்புறம் அலைன்மென்ட்டும் பார்க்கணும்.

இங்கதான் ஆளுங்க மனசு மாறும்: "இதுக்காக ஸ்ப்ரிங்கைக் கழட்டணுமா, மேல் கிளாஸ்லயே ஓட்டிக்கலாம்." ஓட்டலாம். ஆனா அங்க எதிர்ல நிக்கிற வண்டியில கேம்பர் பிளேட், இசியு, அகல வீல் எல்லாம் இருக்கும். உங்ககிட்ட ஸ்ப்ரிங் மட்டும். பாதி கட்டின காருக்கு எந்த கிளாஸும் லாபமில்ல. எங்க கருத்து: முதல் சீசனுக்கு ஷாக், டயர், பிரேக் பேடு மூணோட நிறுத்திக்கோங்க.

[காட்சி: வாளையார் பாலம், லாரி வரிசை.]

டிராக் விதி ஒண்ணு, ரோட்டு சட்டம் வேற. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வெச்சு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு கேரளாவிலிருந்து போன வழக்குலதான். கம்பெனி குறிச்ச அடிப்படை விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுங்கறது அதோட சாரம். அதே வருஷம் திருத்தின சட்டத்துல 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். பார்டருக்கு எந்தப் பக்கமானாலும் சட்டம் ஒண்ணுதான். அதனால போட்டி டயரை இன்னொரு வண்டியில ஏத்திட்டுப் போய் பேடாக்ல, அதாவது டிராக்குப் பக்கத்துல காரைத் தயார் பண்ற இடத்துல, மாட்டுங்க. சைலன்சரும் அப்படித்தான். அதுக்கு மேல மாத்தின காரை ஃப்ளாட்பெட்ல ஏத்துங்க. இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. போட்டி ஓட்டத்துக்கு அது பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கும்.

[காட்சி: ஸ்க்ரூட்டினி வரிசை.]

சந்தேகம் இருந்தா போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடியே அமைப்பாளருக்கு மெயில் போடுங்க. "என் கார் ஓகேவா"ன்னு கேட்டா பதில் வராது. எஸ்ஆர்ல எந்தப் பிரிவு, எந்தப் பாகம், என்ன அளவுன்னு எழுதிக் கேளுங்க. வந்த பதிலைப் பிரின்ட் எடுத்துக்கோங்க. கூடவே ஆர்சி, சர்வீஸ் மேனுவல்ல சம்பந்தப்பட்ட பக்கம், வீல் ஆஃப்செட் போட்டோ, ஷாக் அளவு போட்டோ. ஃபோன்ல வாய்வார்த்தையா வாங்கின சம்மதம் வேற ஒரு போட்டியாளர் ப்ரோட்டெஸ்ட், அதாவது எதிர்ப்பு மனு, போட்டா நிக்காது.

ப்ரோட்டெஸ்ட் எழுத்துல, டெபாசிட் பணத்தோட குடுக்கணும். ரிசல்ட்டை எதிர்த்துப் போடறதுக்கு எஃப்ஐஏ கோடுப்படி, ரிசல்ட் வெளியான நேரத்திலிருந்து 30 நிமிஷம். அந்த நேரம் ரிசல்ட் தாளோட மேல எழுதியிருக்கும். அது தாண்டற வரைக்கும் பார்க் ஃபெர்மேயில (போட்டி முடிஞ்ச கார்களை யாரும் கை வைக்காம நிறுத்தற இடம்) நிக்கிற காரோட பானெட்டைத் திறக்காதீங்க, ரோட்டு டயரையும் மாட்ட ஆரம்பிக்காதீங்க.