இரண்டாவது பெஞ்ச்

(லெந்து நாள்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாள்களில், ஒரு சனிக்கிழமை மாலை, புரசைவாக்கத்தில் ஒரு சிறிய அரங்கில் பேசியது. பேச்சின் நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களே, நண்பர்களே, எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘இளைஞர்கள் ஏன் சபைக்கு வருவதில்லை?’ என்பது. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. நான் என்ன பேசுவேன் என்று உங்களுக்கும் ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். செல்போன், ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலை, சனிக்கிழமை ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூக்கம். இதையெல்லாம் நன்றாகத் திட்டிவிட்டு, டீயும் சமோசாவும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். வராதவர்களைப் பற்றி வந்தவர்கள் பேசுவது சுகமான காரியம்.

நான் ஒன்பது வருஷம் எங்கள் குருசேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரத்தில், கமிட்டிச் செயலாளராக இருந்தவன். வராதவர்களில் சிலர் ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரை அனுப்பி வைத்ததே நான்தான்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு அது. காலை ஆராதனைக்கு முதல் மணி அடித்தாயிற்று. ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு படியேறி வந்தாள். தலையில் மல்லிகை, நெற்றியில் பொட்டு, தோளில் மஞ்சள் துணிப்பை. பையிலிருந்து இரண்டு மெழுகுவத்தி எட்டிப் பார்த்தன. செருப்பை வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்தாள். எங்கள் சர்ச்சில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. உள்ளே நுழைந்தவள் நேராகப் போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டாள்.

அந்த இரண்டாவது பெஞ்ச் எங்கள் பெஞ்ச். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தாத்தா உட்கார்ந்தார், அப்பா உட்கார்ந்தார், நாங்கள் உட்காருகிறோம். அதற்கு நேர் மேலே ஓடுகிற ஃபேன் தாத்தா நினைவாக நாங்கள் கொடுத்தது. இறக்கையில் அவர் பேர் எழுதியிருக்கிறது. ஃபேன் சுற்றும்போது படிக்க முடியாது, நின்றால்தான் தெரியும்.

நான் அவளிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினேன். “அம்மா, கொஞ்சம் பின்னாடி உட்கார்ந்துக்கோங்க. குழந்தை அழுதா வெளியே தூக்கிட்டுப் போக வசதியா இருக்கும்.” குழந்தை அழவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பக்கத்துப் பெஞ்சுகளைப் பார்த்தாள். அங்கே இருந்தவர்கள் அவள் பொட்டைப் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். “சரிங்க சார்” என்று எழுந்தாள். பின்னால் போய் உட்காருவாள் என்று நினைத்தேன். கடைசி வரிசையையும் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள். மெழுகுவத்தி இரண்டையும் வாசல்படி ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அதை எடுத்து ஆபீஸ் அலமாரியில் போட்டார். அப்புறம் ஒருநாள் கமிட்டி நடக்கும்போது கரண்ட் போனது. அதைத்தான் ஏற்றி வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம்.

அன்றைக்கு என்ன வேதபாடம் வாசித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பைபிளில் யாக்கோபு எழுதிய நிருபமாக இருந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டவன் வந்தால் நல்ல இடம், கந்தை உடுத்தின தரித்திரன் வந்தால் ‘அங்கே நில்’ என்று சொல்கிறீர்களே என்று இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார் இல்லையா, அந்த இடம். ஆனால் அதை வாசித்திருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. அந்தப் பெண் கந்தையில் வரவில்லை, துவைத்து மடித்த புடவையில் வந்தாள். ஆகவே வசனம் என்னைப் பற்றியது இல்லை. எந்த வசனமும் நம்மேல் படாமல் ஒதுங்கிக்கொள்வதில் நாம் தேர்ந்தவர்கள்.

அவள் எங்கே போயிருப்பாள்? பாரிமுனையில் அந்தோணியார் கோயிலுக்குப் போயிருக்கலாம். செவ்வாய்க்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தன்று போய்ப் பாருங்கள். பொட்டு வைத்தவர், வைக்காதவர், மொட்டை போட்டவர் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். ‘நீ யார்?’ என்று கேட்க ஆள் இல்லை. கேட்க நேரமும் இல்லை. நம் ஆட்கள் அதைப் பார்த்து, “அது வெறும் கூட்டம், சபை ஆகாது” என்பார்கள். சரி. நம்முடையது சபை. அதில் கூட்டம் இல்லை.

அகந்தை என்றதும் நமக்கு மீசை முறுக்குகிற ஆள் ஞாபகத்துக்கு வருவான். சபைக்குள் அது அப்படி வராது. கைகூப்பி, சிரித்து, ‘பிரெய்ஸ் தி லார்ட்’ சொல்லிக்கொண்டு வரும். லூக்கா 18-ம் அதிகாரத்தில், ஆயக்காரன் என்கிற வரிவசூல்காரனை இளக்காரமாகப் பார்த்து ஜெபம் பண்ணுகிற பக்திமான் பரிசேயனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம், எல்லாம் உண்மை. நம் கமிட்டித் தேர்தலில் நின்றால் நான் அவனுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆயக்காரனுக்குப் போடுவேனா? சந்தா பாக்கி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

இந்தப் பகுதியில் நின்றுகொண்டு ஃபப்ரிஷியஸ் ஐயரைச் சொல்லாமல் போகக்கூடாது. பக்கத்திலேயே அவர் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. யோஹான் பிலிப் ஃபப்ரிஷியஸ், ஜெர்மனியிலிருந்து 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். இரண்டு வருஷத்தில் சென்னைக்கு வந்து, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வேப்பேரி மிஷனை நடத்தினார். பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தார், அகராதி போட்டார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாட வைத்தார். லுத்தரன் சபைக்காரர்கள் அவருடைய மொழிபெயர்ப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் நாம் விழா மலரில் போடுவோம். போடாமல் விடுவது ஒன்று உண்டு. கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனாளியாகி, முதுமையில் அந்த மனிதர் சிறைக்குப் போனார். 1791-ல் இறந்தார்.

கடனுக்காக உள்ளே போய் வந்த ஒரு கிழவர் இன்றைக்கு நம் சர்ச்சுக்கு வந்தால் என்ன நடக்கும்? வாசலில் யாராவது ஒருவர் இன்னொருவர் காதில், “அவர்கிட்ட ஜாக்கிரதை, பணம் கேட்பார்” என்பார். கமிட்டியில் இருந்தால் நானே அவரைக் கூப்பிட்டு, “ஐயா, கொஞ்ச நாள் பாட்டு நடத்த வேண்டாமே” என்று சொல்லியிருப்பேன். அப்புறம் எல்லாரும் எழுந்து நின்று அவர் தமிழில் தந்த பாட்டையே பாடியிருப்போம்.

சாதிக்கு வருகிறேன். இதைத் தொட்டால் முகம் மாறும் என்று தெரியும். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று. தஞ்சாவூரிலும், இதோ இந்த வேப்பேரியிலும், அதைத் தாங்க முடியாமல் எத்தனையோ பேர் சபையை விட்டு வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு காட்டாத வேறு மிஷனுக்குப் பிற்பாடு சிலர் போய்ச் சேர்ந்தார்கள். சபையை விட்டுப் போனவர்கள் எல்லாருமே நம்மால் காயப்பட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் இன்னார் உட்காருகிறார் என்பதற்காகப் போனவர்களும் உண்டு. அந்தப் போக்குக்கு நான் வருத்தப்பட மாட்டேன்.

கத்தோலிக்கத்தில் மட்டும் என்ன? நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கோயில் கட்டினார்கள். இரண்டு கால்போல இரண்டு கூடம், ஒரு சாதிக்கு ஒன்று, நடுவில் சுவர், பீடம் மட்டும் பொது. 1910-ல் சுவரை இடித்தார்கள். திருச்சி ஆயர்மேல் பிள்ளைமாரும் முதலிமாரும் வழக்குப் போட்டார்கள், கோயிலுக்குள் இடித்த சுவரை மறுபடி கட்டித்தர வேண்டும் என்று. வழக்கு நம் ஊர் ஹைகோர்ட்டுக்கு வந்தது. கிறிஸ்தவர்களுக்குள் தீட்டு என்று ஒன்றை நாங்கள் ஏற்க முடியாது என்று நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இப்போது சுவர் இல்லை. ‘சொந்த ஊர் எது?’ என்கிற கேள்வி இருக்கிறது. சர்ச் வாசலில் புதிதாக ஒரு பையன் வந்து கை கொடுப்பான். சொந்த ஊர் எது தம்பி? ஊரில் எந்தச் சபை? அங்கே இன்னாரைத் தெரியுமா? மூன்றாவது கேள்விக்குள் பிடித்திருந்த கை ஒன்று இறுகும், இல்லை தளரும். தளர்ந்த கையை அந்தப் பையன் மறக்கவே மாட்டான். நானும் அப்படிக் கை கொடுத்தவன்தான், எனக்கு அந்தத் தளர்வு தெரியும். கிறிஸ்தவரான தலித்துகளுக்கு 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதிச் சலுகை கிடையாது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதுதான் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம். அரசாங்கம் அதை நம்பிவிட்டது. நாம்தான் இன்னும் நம்பவில்லை.

சபைக்குச் சபை இருக்கிற இளக்காரத்தை நீட்டிப் பேச வேண்டாம், உங்களுக்கே தெரியும். நாம் பெந்தெகொஸ்தே சபையாரை ‘அல்லேலூயா கூட்டம்’ என்போம், அவர்கள் நம்மைப் ‘பேர் கிறிஸ்தவன்’ என்பார்கள். அங்கே கம்மல் போட்டுக்கொண்டு போனால் பார்வை, இங்கே கம்மல் இல்லாமல் வந்தால் பார்வை. “ரட்சிக்கப்பட்டீங்களா?” என்று பஸ் ஸ்டாப்பில் அறிமுகமே இல்லாத ஆளைக் கேட்கிறவரிடம், “ஐயா, பேரையாவது கேளுங்களேன்” என்று சொல்லத் தோன்றுகிறது.

இங்கே வரும்போதே ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “அப்போ பாவத்தைப் பாவம்னு சொல்லக்கூடாதா தம்பி?” என்றார். நியாயமான கேள்வி. சொல்லத்தான் வேண்டும். யார் பாவத்தை என்பதுதான் விஷயம்.

ஒன்பது வருஷம் மினிட்ஸ் புத்தகம் எழுதியவன் நான். ஒழுங்கு நடவடிக்கை என்று என் கையெழுத்தில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? ஒரு பெண் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டது. ஒரு வாலிபன் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்குக் குடித்துவிட்டு வந்தது. பாடகர் குழுவில் இருந்த ஒரு சகோதரி விவாகரத்து வாங்கியது. அவரைக் கொஞ்ச நாள் ‘ஓய்வு’ எடுக்கச் சொன்னோம். மினிட்ஸில் ‘ஓய்வு’ என்றே எழுதினேன். அவர் என்ன பட்டார் என்று யாரும் கேட்கவில்லை. 1869-ம் வருஷச் சட்டப்படி, புருஷன் வேறொருத்தியோடு போனான் என்பது மட்டும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு விவாகரத்துக்குப் போதாது. அவன் அடித்தான் என்றோ கைவிட்டான் என்றோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். புருஷனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2001-ல்தான் அந்தச் சட்டம் திருந்தியது. நூற்று முப்பது வருஷம் கழித்துச் சட்டம் இரங்கி வந்தது, பாடகர் குழு இரங்கவில்லை. அந்தச் சகோதரி ஓய்விலிருந்து திரும்பவே இல்லை.

மினிட்ஸில் இல்லாததையும் சொல்கிறேன். வரதட்சணை என்ற சொல் ஒன்பது வருஷத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. 1961-லிருந்து அது குற்றம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கிறோம். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஆயர் நிறுத்துவார். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பவுன் பேசினார்கள், கார் உண்டா இல்லையா என்பது முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்ச் வரை தெரியும். ஒருத்தர் எழுந்ததில்லை. நான் எழுந்ததில்லை. நாம் செய்யாத பாவங்களைத்தான் நாம் பாவம் என்கிறோம். நாம் செய்கிறவற்றுக்கு ‘ஊர் வழக்கம்’ என்று பேர்.

யோவான் எட்டாம் அதிகாரத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், கல்லெறிய. ‘உங்களில் பாவமில்லாதவன் முதலில் எறியட்டும்’ என்கிறார் இயேசு. பெரியவர்களிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள் என்று எழுதியிருக்கிறது. கல் வைத்திருந்தவர்கள் போனார்கள், அவள் அங்கேயே நின்றாள். ‘இனிப் பாவம் செய்யாதே’ என்று அவர் சொல்வது அதற்குப் பிறகு, எல்லாரும் போன பிறகு, அவளிடம் மட்டும். நம் சர்ச்சில் இது தலைகீழாக நடக்கிறது. கல் வைத்திருக்கிறவர்கள் அவரவர் இடத்தில் அப்படியே இருக்கிறோம். அவள்தான் படியிறங்கிப் போகிறாள். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு, முதல் ஆளாகக் கிளம்புகிற அளவுக்காவது வெட்கம் இருந்திருக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

(பேச்சுக்குப் பிறகு கேள்வி கேட்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் செல்போனைப் பற்றியே கேட்டார்கள். கடைசியாக, பின்வரிசையில் கல்லூரி மாணவி போலிருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

“சார், அந்த ரெண்டாவது பெஞ்ச்ல இப்போ யார் உட்காருறாங்க?”

நான் தண்ணீர் குடித்தேன். பையன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை எட்டே முக்காலுக்கே போய்விட்டோம், நாலு பேரும் அங்கேதான் உட்கார்ந்தோம்.)