பெஸ்ஸாவா, சாகாவா? எண்ணெய்க் கணக்கை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க

வணக்கம் மக்களே! பினாங்குலேர்ந்து நம்ம கார் பேச்சு. இன்னைக்கு கொஞ்சம் சூடாத்தான் பேசப் போறேன். போன வீடியோவுக்குக் கீழ ஒரு அக்கா நல்லா விவரமா கேட்டிருந்தாங்க: வீட்டுல அஞ்சு பேரு, பழைய செடான்தான் பட்ஜெட், பெரோடுவா பெஸ்ஸாவா, புரோட்டோன் சாகாவா, எது எடுக்கலாம்னு. அதுக்கு வந்த பதில் எல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். "பெஸ்ஸா எடுங்க, பெட்ரோல் எண்ணெய் மிச்சம்." பின்னாடி யாரு உக்காருவாங்க, எந்த ரோடு, என்ன சாமான் ஏத்துவீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. எனக்கு இதுதான் தாங்கல.

சரி, முதல்ல எந்தக் காரைப் பத்திப் பேசுறோம்னு தெளிவா சொல்லிடுறேன். புது 1.5 சாகா 2025 நவம்பர்ல வந்துச்சே, அது இல்ல. அந்த எஞ்சினோட பவரை எடுத்துக்கிட்டு வந்து பழைய காரோட சண்டை போடாதீங்க. நான் சொல்றது 2019 ஆகஸ்ட்ல முகம் மாத்தி வந்த 1.3 சாகா ஆட்டோ, அதுக்கு எதிர 2020 ஜனவரில முகம் மாத்தி வந்த 1.3 பெஸ்ஸா. பேப்பர்ல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. சாகா 95 குதிரை சக்தி, இழுவை (டார்க்) 120 நியூட்டன் மீட்டர். பெஸ்ஸாவும் கிட்டத்தட்ட அதேதான், டார்க் 121. ரெண்டுலயும் 4 ஸ்பீட் ஆட்டோ கியர்தான்.

2019 ஆகஸ்ட்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அதுக்கு முன்னாடி 2016லேர்ந்து வந்த சாகா ஆட்டோவுல சிவிடி, அதாவது படிப்படியா கியர் மாறாத கியர்பாக்ஸ். அந்த முகமாற்றத்துலதான் அதைத் தூக்கிட்டு ஹூண்டாய் 4 ஸ்பீட் ஆட்டோவ வெச்சாங்க. பழைய கார் கடையில "2019 சாகா"ன்னு மட்டும் எழுதி இருந்தா, எந்த மாசத்து காருன்னு கேளுங்க. ரெண்டும் ஒரே வருஷந்தான், ஆனா கியர்பாக்ஸ் வேற.

இப்ப எண்ணெய்க்கு வருவோம். பெஸ்ஸா குறைவாத்தான் குடிக்கும், நான் மறுக்கவே இல்ல. கார் 900 கிலோ சொச்சம், சாகா 1,000 கிலோவுக்கு மேல. கணக்குக்கு பெஸ்ஸா லிட்டருக்கு 16 கிலோமீட்டர், சாகா 13.5னு வெச்சுக்குவோம். மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுற குடும்பம். பெஸ்ஸாவுக்கு 94 லிட்டர், சாகாவுக்கு 111 லிட்டர். வித்தியாசம் 17 லிட்டர். புடி95 மானிய பெட்ரோல் திட்டம் வந்தப்ப வெச்ச விலை லிட்டர் 1 வெள்ளி 99 காசு, அதுல பெருக்கினா மாசத்துக்கு ஏறக்குறைய 34 வெள்ளி. வருஷத்துக்கு 400 சொச்சம்.

இப்ப விலையைப் பாருங்க. புதுசா வந்தப்ப சாகாவோட உச்ச மாடல் பிரிமியம் 39,800 வெள்ளி. பெஸ்ஸாவுல 1.3 எக்ஸ் மாடல் 43,980, உச்ச மாடல் ஏவி 49,980. ஏவிக்கும் சாகா பிரிமியத்துக்கும் நடுவுல 10,180 வெள்ளி! இது போதாதுன்னு பழசா விக்கும்போது பெரோடுவா விலை லேசுல இறங்காது. விக்கிறவருக்கு அது சந்தோஷம், சரி. ஆனா வாங்குறது நீங்க. வருஷத்துக்கு 400 வெள்ளி மிச்சம் புடிக்கிறேன்னு வாங்குற அன்னைக்கே பல ஆயிரம் கூடக் குடுத்தா, அந்த எண்ணெய்க் காசை முன்பணமா கட்டிட்டுதான் வர்றீங்க. இதைத்தான் நான் தொண்டை வத்த கத்துறேன். கடையில நிக்கிற ரெண்டு காரோட விலை வித்தியாசத்தை எழுதுங்க, வருஷ எண்ணெய் வித்தியாசத்தால வகுத்துப் பாருங்க. 6,000 வெள்ளி வித்தியாசம்னா 15 வருஷம் ஓட்டினாத்தான் போட்டது திரும்பும்.

மீட்டர்ல காட்டுற எண்ணெய்ச் செலவு நம்பரை நம்பாதீங்கன்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம். எண்ணெய் ஊத்தும்போது முதல் "டக்"லயே பம்பை நிறுத்துங்க, டிரிப் மீட்டரை சைபர் பண்ணுங்க, அடுத்த தடவை அதே ஸ்டேஷன், அதே பம்ப், மறுபடியும் முதல் "டக்". ஓடின கிலோமீட்டரை ஊத்துன லிட்டரால வகுங்க. ரெண்டாவது டக், மூணாவது டக்னு கழுத்து வரைக்கும் திணிச்சா கணக்கும் போச்சு, ஆவி புடிக்கிற கரி டப்பாவுக்கும் கேடு.

அடுத்து சாகாக்காரங்க ஒளிச்சு வெக்கிற விஷயம். டைமிங் பெல்ட், பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்துல ஓட வெக்கிறது! பெஸ்ஸாவுல டைமிங் செயின், சாகா 1.3ல ரப்பர் பெல்ட். அந்த பெல்ட் ஓடும்போது அறுந்துச்சுன்னா பிஸ்டன் மேல வந்து வால்வை இடிக்கும், வால்வு வளையும், ஹெட்டை இறக்கணும். சர்வீஸ் புத்தகத்துல போட்டிருக்கிற கிலோமீட்டர் வந்தா மாத்திடுங்க, "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்"ங்கற பேச்சே வேணாம். பழைய காரா? ரசீது கேளுங்க, இல்லன்னா பானெட்டுக்குள்ள ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. "மாத்தியாச்சு பாஸ்"னு வாயால சொன்னா, மாத்தலன்னே வெச்சுக்கிட்டு அந்தச் செலவை விலையில குறைக்கச் சொல்லுங்க.

இந்த வேலைக்கு விலை கேக்கும்போது "டைமிங் பெல்ட் எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டா ஏமாந்தீங்க. ஒரு ஒர்க்‌ஷாப் சொல்ற விலை பெல்ட்டுக்கு மட்டும் இருக்கும், இன்னொண்ணு சொல்றது பெல்ட்டை இறுக்கி வெக்கிற டென்ஷனரும் சேர்ந்தது. ரெண்டையும் பக்கத்துல வெச்சா மலிவா தெரியுறது மலிவே இல்ல. பெல்ட், டென்ஷனர், கேம் ஷாஃப்ட் ஆயில் சீல், கிராங்க் ஆயில் சீல், கூலி, எல்லாத்தையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. பெல்ட் மூடியைக் கழட்டினப்பவே வாட்டர் பம்ப்ல கசிவு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அப்புறம் அதுக்குன்னு தனியா திறந்தா மறுபடி கூலி. சீலை ஏன் மாத்தணும்? சீல் கசிஞ்சு எஞ்சின் எண்ணெய் அந்த பெல்ட் மேல பட்டா ரப்பர் ஊறிப்போகும், புது பெல்ட்டும் சீக்கிரம் கெட்டுடும். பெல்ட்டை மாட்டினதுக்கு அப்புறம் நல்ல ஃபோர்மேன் உடனே ஸ்டார்ட் பண்ண மாட்டாரு. ஸ்பேனரை வெச்சு கிராங்கைக் கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்தி, மார்க் எல்லாம் திரும்ப நேரா வந்து நிக்குதான்னு பாப்பாரு. நீங்க பக்கத்துல நின்னு அதைக் கண்ணால பாருங்க.

செயின்ங்கறதால பெஸ்ஸாக்காரங்க நிம்மதியா தூங்கலாம்னு இல்ல. எஞ்சின் எண்ணெயை நேரத்துக்கு மாத்தாம விட்டா செயின் தளரும். காலையில முதல் ஸ்டார்ட்ல முன்பக்கம் "கரகர"ன்னு ரெண்டு செகண்ட் சத்தம் வந்தா, அந்த காரை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க. அதனாலதான் பழைய கார் பாக்கப் போறதுன்னா எஞ்சின் குளுந்திருக்கும்போது போங்கன்னு எப்பவும் சொல்றேன். நீங்க வர்றதுக்குள்ள விக்கிறவரு சூடு பண்ணி வெச்சிருந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

இப்ப பின் சீட்டு. எனக்கு இதுதான் முக்கியம். சாகா அகலம் 1,689 மில்லிமீட்டர், பெஸ்ஸா 1,620. ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். பின்னாடி ரெண்டு பேருன்னா பெஸ்ஸாவுல கால் நீட்ட நல்ல இடம், கூரையும் உயரம், வயசானவங்க ஏறி இறங்க சுலபம். ஆனா மூணு பெரியவங்க, இல்ல ஒரு குழந்தை சீட்டு, கூட ரெண்டு பெரியவங்கன்னா அந்த ஏழு சென்டிமீட்டர்லதான் தோளும் தோளும் இடிக்கும். குழந்தை சீட்டு 2020 ஜனவரி 1லேர்ந்து சட்டப்படி கட்டாயம். உங்க சீட்டைக் கையோட கொண்டு போய், மாட்டிட்டு, பக்கத்துல ரெண்டு பேரை உக்கார வெச்சு பெல்ட் கொக்கி மாட்ட முடியுதான்னு பாருங்க. கை உள்ள நுழையலன்னா அந்த கார் உங்களுக்கு இல்ல.

பூட்டுல, அதான் பின்னாடி சாமான் வெக்கிற டிக்கியில, பெஸ்ஸாதான் ராஜா, 508 லிட்டர். சாகா 420. ஆனா லிட்டர் கணக்கு அண்டாவுக்குத் தெரியாது. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை பக்கம் பந்தலுக்கு அண்டா, அடுப்பு எல்லாம் ஏத்துறவங்க டேப்பை எடுத்துக்கிட்டுப் போங்க. பூட்டு வாயோட உயரத்தையும் அகலத்தையும் அளக்கணும், உள்ள எவ்வளவு இடம்ங்கறது அதுக்கு அப்புறந்தான். வாயில நுழையாத அண்டாவுக்கு 508 லிட்டர் இருந்து என்ன?

இந்த 900 கிலோ விஷயத்தை மேல பாதியில விட்டுட்டேன். அஞ்சு பேரு, ஆளுக்கு 65 கிலோ, 325. பூட்டுல 60. மொத்தம் 385 கிலோ. பெஸ்ஸாவுக்கு அது அதோட சொந்த எடையில 40 சதவீதத்துக்கு மேல, சாகாவுக்கு 37 பக்கம். அதனாலதான் ஆள் ஏறின பெஸ்ஸாவுல பின்பக்கம் நல்லா அமுங்கும், நெடுஞ்சாலையில மெனோரா சுரங்கத்துக்கு முன்னாடி அந்த ஏத்தத்துல கியர் மூணுக்கு இறங்கி எஞ்சின் கத்தும். சாகாவும் கத்தும், ஆனா சாகா ரோட்டைப் புடிச்சுக்கிட்டு போகும். பினாங்கு ரெண்டாவது பாலத்துல, பத்து மாவுங்லேர்ந்து பத்து காவான் வரைக்கும் 24 கிலோமீட்டர், பக்கத்துலேர்ந்து காத்து அடிக்கிற நாள்ல ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. ஒல்லியா உயரமா இருக்கிற பெஸ்ஸா ஸ்டீயரிங்ல கையை எடுக்க விடாது. எனக்கு நெடுஞ்சாலைன்னா சாகாதான், யாரு என்ன சொன்னாலும். முழு லோடுல போறதுக்கு முன்னாடி டிரைவர் கதவுத் தூண்ல இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க, லோடுக்குன்னு தனியா போட்டிருக்கிற காத்தை டயர் குளுந்திருக்கும்போது அடிங்க.

சாகாவுல ஸ்டீயரிங் ஹைட்ராலிக் எண்ணெய் பம்ப்ல ஓடுறது, பெஸ்ஸாவுல கரெண்ட். சாகா வாங்குறவங்க ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு முனகல் சத்தம் வருதான்னு கேளுங்க, டப்பாவுல எண்ணெய் அளவு பாருங்க. முழுசா ஒடிச்ச நிலையில அழுத்திப் புடிச்சுக்கிட்டே நிக்காதீங்க, பம்ப் சூடாகும்.

பாதுகாப்புல பெஸ்ஸா ஏவி முன்னால நிக்குது. முன்னாடி இடிக்கப் போறப்ப எச்சரிச்சு தானே பிரேக் புடிக்கிற ஏஎஸ்ஏ அதுல உண்டு, இந்த 1.3 சாகாவுல கிடையாது. ஊருக்குள்ளயே ஜாம்ல ஓட்டுறவங்க, பின்னாடி ரெண்டே பேருன்னா, ஏவிக்கு கூடக் குடுக்கிற காசு நியாயம். அதை இதுக்காகக் குடுங்க, எண்ணெய்க்காகக் குடுக்காதீங்க. சறுக்கல் தடுக்கிற சிஸ்டம் சில மாடல்லதான் இருக்கு, விக்கிறவரு பேச்சை விடுங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க, கார் சறுக்குற படம் போட்ட விளக்கு எரிஞ்சா இருக்கு. எரியலன்னா சிஸ்டமே இல்ல, அப்படி இல்லாட்டி பல்பை யாரோ கழட்டியிருக்காங்க.

ரோட் டாக்ஸ் சொல்லலையே! 1.3 ரெண்டுக்கும் 70 வெள்ளி. பெஸ்ஸா 1.0க்கு 20 வெள்ளிதான், ஆனா மூணு சிலிண்டர், அஞ்சு பேரோட மலை ஏத்தாதீங்க. புது 1.5 சாகாவுக்கு 90.

இன்னும் ஒண்ணு, ஏவி வாங்குறவங்களுக்கு. அந்த ஏஎஸ்ஏ கேமரா முன் கண்ணாடிக்குப் பின்னாடிதான் இருக்கு. கல் பட்டு கண்ணாடி மாத்தினா கேமராவை மறுபடி அளவெடுத்து சரி பண்ணணும், வெறும் கண்ணாடி விலை மட்டும் இல்ல. இன்சூரன்ஸ் எடுக்கும்போது கண்ணாடிக்கு தனியா கவர் போடுங்க, தொகையில அந்த அளவெடுக்கிற செலவும் அடங்குதான்னு கேட்டுட்டுப் போடுங்க. அந்த கவர்ல கிளெய்ம் பண்ணா உங்க என்சிடி, அதான் கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, குறையாது. கார் நிக்கும்போது எஞ்சினை தானே நிறுத்துற எக்கோ ஐடில் இருந்தா பேட்டரி மாத்தும்போதும் அதுக்குன்னு உள்ள ஈஎஃப்பி ரகம்தான் போடணும், சாதாரண பேட்டரி மலிவுன்னு போட்டா சீக்கிரமே செத்துடும். அடுத்த வீடியோல புது 1.5 சாகா, பின் சீட்டுல மூணு பேரை உக்கார வெச்சு அளக்கப் போறோம்.