ஊசியைக் குறைத்து உடம்பைக் குறைக்காதீர்கள்

(இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கோத்தகிரியில் நடந்த கூட்டத்தில் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியது)

தாய்மார்களே, அப்பாமார்களே, முன்வரிசையில் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு 13 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது, அதாவது உடம்பு இன்சுலினைச் சுரக்காமல் போகும் வகை. இப்போது வயது 46. எடையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

19 வயதில் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம். எனக்குத் தைத்த ரவிக்கை கையில் ஏறவில்லை. சொந்தத்தில் ஓர் அத்தை, "ஊசி போட்டுப் போட்டே ஊதிட்டாளே" என்றார். அன்று ராத்திரி ஊசியைப் போடவில்லை. மறுநாளும் பாதிதான் போட்டேன். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தது. பார்த்தவர்கள் எல்லாம் "இப்பத்தான் லட்சணமா இருக்கே" என்றார்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வாந்தி, வயிற்றுவலி. படுத்தே கிடந்தாலும் மலையேறி வந்தவள்போல மூச்சு வாங்கியது. குஞ்சப்பனை வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்கியது மட்டும் அரைகுறையாக நினைவிருக்கிறது. அக்கா கழுத்தில் தாலி ஏறியபோது நான் கோயம்புத்தூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன்.

அந்த ஐந்து கிலோ எங்கே போனது? இன்சுலின் இல்லாவிட்டால், சாப்பிட்டதில் வரும் சர்க்கரை செல்லுக்குள் போக முடியாமல் ரத்தத்திலேயே தேங்குகிறது. அளவு 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியத் தொடங்கும். போகும்போது உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தாலும் உடம்புக்கு அது பட்டினிதான். தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது. கொழுப்பு அப்படிக் கட்டுப்பாடின்றிக் கரையும்போது கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. கீட்டோஅசிடோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். உயிரை எடுக்கும். உயிர் தப்பினாலும், இதையே மாதக்கணக்கில் செய்தால் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடும்.

1922 ஜனவரியில் டொரான்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லியோனார்ட் தாம்சனுக்கு 14 வயது. எடை 30 கிலோகூட இல்லை. அந்தக் காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகத்தான் கிடந்தார்கள். இன்சுலின் வந்ததும் அந்தப் பிள்ளைகளின் உடம்பில் சதை பிடித்தது. நம் பிள்ளைக்கு நோய் தெரிந்தபோது எப்படி வற்றியிருந்தான், ஊசி ஆரம்பித்ததும் எப்படித் தேறினான் என்று நினைத்துப் பாருங்கள். அது இழந்த உடம்பு திரும்பி வந்தது, அம்மா.

அதற்காக எடை கூடுவது வெறும் பிரமை என்று நான் சொல்லமாட்டேன். 1993-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 1,441 பேர் இருந்தார்கள். சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கே எடையும் கூடுதலாக ஏறியது, 'லோ'வும், அதாவது ரத்தச் சர்க்கரை மிகவும் கீழே இறங்கிப்போவதும், அதிகம் வந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதை நான் என் சமையலறையில் கண்டுபிடித்தேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு லோ ஆகும். பயத்தில் சர்க்கரை டப்பாவைத் திறப்பேன், மேலே இரண்டு வாழைப்பழம், அதற்கும் மேலே வர்க்கி பிஸ்கட். காலையில் 300 காட்டும். அதை இறக்கக் கூடுதல் ஊசி, மறுபடி லோ, மறுபடி வர்க்கி. இன்சுலினுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. அந்தப் 15 நிமிடம் உடம்பு "இன்னும் தின்னு" என்று கெஞ்சும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் பலமுறை லோ வந்தால் நோட்டில் நேரத்தோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு அதைப் பார்த்துத்தான் ராத்திரி போடும் இன்சுலின் யூனிட்டைக் குறைத்தார். ஊசியைத் தவிர்ப்பது வேறு, கணக்குப் பார்த்து டாக்டர் குறைப்பது வேறு. அந்த வருடம் என் எடை மெதுவாக இறங்கியது, சர்க்கரையும் கட்டுக்குள் நின்றது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், குளிர். மார்கழியில் கை நடுங்கினால் குளிர் என்று கம்பளியைப் போர்த்துவிடுகிறோம். நடுங்கும்போதே வேர்த்தால், அல்லது பிள்ளை சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், அது லோவாக இருக்கலாம், உடனே சோதியுங்கள். விரல் விறைத்திருந்தால் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

சாப்பாட்டில் நான் முதலில் கைவைத்தது டீயில். குளிருக்கு ஐந்து டம்ளர், தலைக்கு இரண்டு ஸ்பூன். ஒரு நாளைக்குச் சுமார் 40 கிராம் சர்க்கரை! களியையும் அவரைக் குழம்பையும் நிறுத்தவில்லை. களி உருண்டையைச் சிறிதாக்கினேன், பீன்ஸ் பொரியலைக் கூட்டினேன். ஆனால் டீயிலோ களியிலோ குறைத்தால் ஊசியின் அளவும் மாறவேண்டி வரும். அதனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் குறையுங்கள்.

நடங்கள். நம் மேட்டில் நடப்பதே நல்ல உழைப்பு. சாயங்காலம் நடந்ததற்கு நடுராத்திரியில்கூட லோ வரலாம், பையில் சர்க்கரை இருக்கட்டும். சஷ்டி விரதம் இருக்க ஆசைப்படுபவர்கள் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். சாப்பிடாத நாளிலும் ஈரல் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியை நீங்களாக நிறுத்தக்கூடாது. எடை குறைக்கும் பவுடர், மாத்திரை என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை திடீரென்று இளைத்து, அடிக்கடி தண்ணீர் குடித்து, ஊசி மருந்து மட்டும் தீராமல் இருந்தால் திட்டாதீர்கள். என்னிடம் அன்று யாராவது "ஊசி போட்டியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டிருந்தால் அழுதுகொண்டே சொல்லியிருப்பேன்.

வெளியே பனி இறங்குகிறது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏறி நடக்கிறவர்கள், கிளம்பும் முன்பு இங்கேயே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். மெஷின் என் மேஜையில் இருக்கிறது, ஆளுக்கொரு புது ஊசிமுனை தருகிறேன்.