பாடசாலை வானின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

வணக்கம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருடைய வீட்டில், நாளைக் காலை பிள்ளையை எத்தனை மணிக்கு எழுப்புவது என்ற கணக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும். பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்கிறது. வத்தளையிலோ இரத்மலானையிலோ இருக்கும் பிள்ளையை ஏற்ற வான் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடுகிறது. ஆகவே பிள்ளை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். கொழும்பில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில், மாணவர் போக்குவரத்துப் பிரிவை நான் 11 ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தினேன். பிரிவு என்றதும் பெரிய அலுவலகம் ஒன்றை எண்ணிவிடாதீர்கள். பிரதி அதிபரின் அறைக்கு வெளியே ஒரு மேசை, ஒரு தொலைபேசி, பதிவு எழுத ஒரு சீ.ஆர். கொப்பி, வாசலில் 23 வான்கள், ரோசா எனப்படும் சிறிய பஸ்கள் இரண்டு. அவற்றுள் ஒன்றுகூடப் பாடசாலைக்குச் சொந்தமானதன்று. வான் சாரதியினுடையது, காசு பெற்றோருடையது, பிள்ளை மட்டும் எங்கள் பொறுப்பு. இத்தகைய இடத்தில் மாற்றம் கொண்டுவரப் போகிறேன் என்று புறப்படுகிறவருக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர் அந்த வாசலில் எவருமே இல்லை. இதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு தவணை முழுவதும் பிடித்தது. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தைப் பிள்ளைகளை ஏற்றிவந்த சாரதி ஒருவர் கிருலப்பனையில் வசித்தார். அவர் தினமும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியாக, கடலை ஒட்டி வடக்குத் தெற்காக ஓடும் காலி வீதிக்கு வந்து, பாடசாலை இருக்கும் வடக்கே திரும்பாமல், அதற்கு எதிர்த்திசையில் தெற்கே தெஹிவளை நோக்கிப் போவார். அங்கே வானைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே மறுபடி வடக்கு நோக்கி வருவார். வரைபடத்தை விரித்துப் பார்த்த எனக்கு அது வெறும் வீண் சுற்றாகவே தோன்றியது. களுபோவிலைப் பக்கமாக நேரே தெஹிவளைச் சந்திக்கு வந்து, ஒரே ஓட்டமாக வடக்கே ஏறினால் 12 நிமிடங்கள் மிச்சம் என்று கணக்கிட்டு, புதிய நேர அட்டவணையைத் தட்டச்சு செய்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாசித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி மிஸ்" என்றார். மறுப்பேதும் சொல்லவில்லை என்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், அட்டவணை எவ்வளவு சிறப்பாக வேலை செய்கிறது என்று பார்த்து மகிழ்வதற்காகவே, அந்த வானின் முன்னாசனத்தில் ஏறி அமர்ந்தேன். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்கு நேரே வான் நின்றது. பிள்ளையைக் காணவில்லை. பிறகுதான் பார்த்தேன்: வீதியின் மறுகரையில், கழுத்தில் தண்ணீர்ப் போத்தல் தொங்க, அம்மம்மாவின் கையைப் பிடித்தபடி இரண்டாம் தரத்துப் பையன் ஒருவன் நின்றான். அம்மம்மா ஓரடி முன்னே வைப்பார்; 100ஆம் இலக்க பஸ் ஒன்று சீறிக்கொண்டு வரும்; பின்னே வாங்குவார். இப்படி மூன்று முறை. எங்களுக்குப் பின்னால் ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. அப்போதுதான் அந்தச் சாரதி, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மிஸ், பிள்ளை எந்தக் கரையில நிக்குது எண்டு பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நாம் வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டுகிறோம். வானின் கதவும் இடப்பக்கமே திறக்கிறது. தெற்கே போகும்போது இடப்பக்கம் வரும் தரைப்பக்க ஒழுங்கைப் பிள்ளைகளையும், திரும்பி வடக்கே வரும்போது இடப்பக்கம் வரும் கடற்பக்க ஒழுங்கைப் பிள்ளைகளையும் ஏற்றினால், ஒரு பிள்ளைகூடக் காலி வீதியைக் கடக்க வேண்டியதில்லை. நான் வீண் சுற்று என்று வெட்டியெறிந்தது இந்த ஏற்பாட்டைத்தான். அன்று மாலையே பழைய வழிக்குத் திரும்பினோம். அதன் பின்னர், ஒரு வாரம் அந்த வானில் இருந்து பார்க்காமல் எந்த வழியையும் மாற்றுவதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே "கரை" என்றொரு நிரலும், பகலில் பிள்ளையைக் கையேற்பவர் யார் என்றொரு நிரலும் கீறினேன். அதுவரை இந்த விவரமெல்லாம் சாரதிகளின் தலைக்குள் மட்டுமே இருந்தது. சாரதிக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் அவரோடு படுத்துவிடும்.

அமெரிக்காவின் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ்ஸை நீங்கள் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். 1939ஆம் ஆண்டு, பிராங்க் சைர் என்ற பேராசிரியர் நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மாநாடு ஒன்றைக் கூட்டினார்; பஸ்களுக்கான 44 நியமங்கள் அங்கே வகுக்கப்பட்டன. மங்கலான காலை வெளிச்சத்திலும் கறுப்பு எழுத்துத் தெளிவாகத் தெரியும் என்பதால் அந்த மஞ்சள் தெரிவாயிற்று. எனக்குப் பிடித்த பகுதி அதற்கு முந்தியது. அவர் முதலில் பிள்ளைகள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். சில இடங்களில் குதிரை வண்டியிலும் பிள்ளைகள் போய்வந்ததைக் கண்டார். கண்டறிந்த பிறகே நியமம் எழுதினார். அங்கே பாடசாலை பஸ் சிவப்பு விளக்கெரிந்து, "நில்" என்ற பலகையை நீட்டிப் பிள்ளைகளை இறக்கும்போது, பின்னால் வரும் வாகனங்கள் சட்டப்படி நிற்க வேண்டும். நம்முடைய காலி வீதியில் பின்னால் வருபவர் ஹோர்ன் அடிக்கிறார். ஆகவே நமக்குக் கதவு திறக்கும் பக்கமே பாதுகாப்பு; இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

பாடசாலை மாணவருக்கான அரசாங்கத்தின் சிசு செரிய பஸ் சேவை சலுகைக் கட்டணத்தில் ஓடுகிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அது பேருதவி. வாசலிலிருந்து வாசலுக்குப் போகவேண்டிய சிறு பிள்ளைகளுக்கோ வானை விட்டால் வேறு வழி குறைவு. விடுமுறை மாதத்து வான் காசைப் பற்றிய சண்டைக்குத் தனியாக ஓர் உரை வேண்டும். இன்று அதைத் தொடவில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, இன்னும் இரண்டு நிமிடங்கள்தான் என்று எனக்கு இரண்டு விரல்கள் காட்டப்படுகின்றன. 2022 எரிபொருள் நெருக்கடியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். அந்த ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது வானுக்கு வாரம் 20 லீற்றர்தான். ஒருவர் தன் வானில் ஏறும் பிள்ளைகளை மற்றவருக்குக் கொடுக்க ஒருபோதும் இணங்காத சாரதிகள், அந்தச் சீ.ஆர். கொப்பியை நடுவில் வைத்து, ஒழுங்கை ஒழுங்கையாகப் பிள்ளைகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டார்கள். பேச்சைத் தொடங்கிவைத்தவர் அந்த வெள்ளவத்தைச் சாரதிதான்.

ஒன்றே ஒன்று. பகல் வெயிலில் பின்னாசனத்தில் உறங்கிப்போகும் பிள்ளையைப் பற்றியது. கடைசிப் பிள்ளையை இறக்கிய பின், சாரதி இறங்கிப் பின்கதவு வரை நடந்து, "வான் வெறுமை" என்ற சிறு அட்டையைப் பின்கண்ணாடியில் தொங்கவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அட்டையைத் தொங்கவிட வேண்டுமென்றால் கடைசி ஆசனம் வரை போயே ஆகவேண்டும். பழைய கலண்டர் அட்டையை வெட்டி, நூல் கோத்து, 25 அட்டைகளையும் ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளே செய்து கொடுத்தார்கள். நன்றி, வணக்கம்.