ஸ்கேன் நார்மல் என்று வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் நரம்பியல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். குழந்தைக்கு இரண்டரை வயது. பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பெற்றோர் வந்து உட்கார்ந்ததும், "டாக்டர், ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா? ஆட்டிசமா இல்லையா என்று தெரிந்துவிடுமே?" என்கிறார்கள்.

தெரியாது என்பதுதான் என் பதில். மூளையில் இருக்கும் பிரச்சினை மூளையைப் படம் பிடித்தால் தெரியாதா என்று அவர்கள் முகம் வாடும். நியாயமான சந்தேகம்தான். ரத்தக்கசிவு, தழும்பு, கட்டி, பிறவியிலேயே உருவாகாமல் போன பகுதி, இவையெல்லாம் ஸ்கேனில் தெரியும். ஆட்டிசத்தில் இருப்பதோ, பெரும்பாலும் மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதத்தில் உள்ள நுணுக்கமான வேறுபாடு. நூற்றுக்கணக்கானோரின் சராசரியை எடுத்தால்தான் அது தலைகாட்டும். ஆண்களின் சராசரி உயரம் பெண்களைவிட அதிகம் என்பதற்காக, உயரத்தை மட்டும் சொன்னால் ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிட முடியுமா? அதே சிக்கல்தான் இங்கும்.

1943இல் குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கான்னர் 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்துத்தான் ஆட்டிசத்தை விவரித்தார். இன்றைக்கும் வழி அதுவே. குழந்தை விரலை நீட்டிக் காட்டுகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, எப்படி விளையாடுகிறது என்று பார்க்கிறோம், பெற்றோரிடம் விரிவாகக் கேட்கிறோம். அந்த 11 பேரில் ஐந்து பேருக்குத் தலை சற்றுப் பெரிதாக இருந்ததையும் கான்னர் குறித்து வைத்திருந்தார்.

அந்தச் சிறு குறிப்புக்கு 2017இல் ஒரு தொடர்ச்சி கிடைத்தது. ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் கைக்குழந்தைகளை ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் தூங்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியானவர்களுக்கு அந்த இடைவெளியில் மூளையின் வெளி அடுக்கான புறணியின் பரப்பு வேகமாக விரிந்திருந்தது. அளவுகளைக் கணினியிடம் கொடுத்தபோது, அது 'ஆட்டிசம் வரும்' என்று சொன்னவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் விஷயத்தில் கணிப்பு சரியாக இருந்தது. அதே ஆண்டு இன்னொரு குழு, ஆறு மாதமான 59 குழந்தைகளின் மூளைச் செயல்பாட்டைத் தூக்கத்தில் பதிவு செய்தது. பிறகு ஆட்டிசம் உறுதியான 11 பேரில் ஒன்பது பேரைக் கணினி சரியாகக் காட்டியிருந்தது.

அருமையான ஆராய்ச்சி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் யார் என்பதை மறக்கக்கூடாது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் இதே ஸ்கேனை எடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரு பேச்சுக்கு, 1000 குழந்தைகளில் 20 பேருக்கு ஆட்டிசம் என்று வையுங்கள். ஸ்கேன் இருபக்கமும் 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது. 20 பேரில் 18 பேரைப் பிடித்துவிடும், சரி. மீதி 980 பேரில் 98 பேருக்கும் ஆட்டிசம் என்று சொல்லிவிடும்! அந்த 98 வீடுகளில் அன்றிரவு யார் தூங்குவார்கள்?

அப்படியானால் ஸ்கேனே வேண்டாமா? வேண்டும், காரணம் இருக்கும்போது. வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், தலையின் அளவு வழக்கத்துக்கு மாறாக இருப்பது, கற்ற திறன்களைக் குழந்தை இழப்பது, இவற்றில் ஒன்று இருந்தால் நானே எழுதிக் கொடுப்பேன். வளரும் மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவு தடுமாறும் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்ஸி) உள்ள குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் எம்.ஆர்.ஐ.யில் மாற்றம் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்கு உச்சிக்குழி வழியாகவே அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம்.

இன்னொன்று. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையைப் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட முடியும். இரண்டரை வயதுக் குழந்தை அவ்வளவு சத்தத்தில் அசையாமல் படுத்திருக்குமா? பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். சும்மா பார்ப்போமே என்று எடுக்கிற சோதனை இல்லை இது.

ஸ்கேன் தேதிக்காகப் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. "ஸ்கேன் நார்மல்" என்ற ஒரு வரியை நம்பி, இனிக் கவலையில்லை என்று ஓராண்டு பேசாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதிக வருத்தம் தருவது இரண்டாவதுதான். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காது பரிசோதனை செய்தாயிற்றா?" என்று. பேசாத, கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது அது. பல பேர் இன்னும் செய்திருக்க மாட்டார்கள்.