பற்பசைக் குழாயும் பாரி மகளிரும்: 'விவரமே' அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எனக்கு முன்னால் பேசி உங்களில் பாதிப் பேரைக் கைக்குட்டை தேட வைத்த எதிரணி நண்பருக்கும் வணக்கம்.

குடும்பம், காதல், நினைவு பற்றிய கவிதையை நிற்க வைப்பது உணர்ச்சியா, விவரமா? இதுதான் தலைப்பு. நண்பர் மூன்று வாதம் வைத்தார். 'அம்மா' என்று எழுதிவிட்டாலே கவிதை முக்கால்வாசி முடிந்தது. விவரத்தை அடுக்கினால் அது மளிகைச் சீட்டு. இன்றைய பொருள்களை உள்ளே வைத்தால் நாளைக்கு அவையும் பழசு, கவிதையும் பழசு. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், நடுவர் மணியில் கை வைக்காமல் இருந்தால்.

முதலில் அவர் பெருமையோடு காட்டிய குறுந்தொகை 40. 'அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று முடிகிறதே, இது உணர்ச்சி இல்லையா என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அந்தக் கவிஞர் பெயர் என்ன? செம்புலப் பெயனீரார். பெற்றோர் வைத்த பெயரில்லை அது. இயற்பெயர் தெரியாமல் போனதால் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார்கள். 'அன்புடை நெஞ்சனார்' என்று வைத்திருக்கலாமே? வைக்கவில்லை. செம்மண்ணில் பெய்த மழைநீரைத்தான் எடுத்தார்கள். எங்களுக்குச் சாதகமான முதல் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது.

அடுத்து, பொருள் பழசாகும் என்ற வாதம். குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாட்டு, ஆறே அடி. மணமான மகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது வளர்ப்புத் தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரல். அந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை இனிது என்று கணவன் உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மகிழ்கிறது. 'தீம்புளிப் பாகர்' என்ற பெயரில் இன்று எந்த வீட்டிலும் குழம்பு வைப்பதில்லை. பாட்டு பழசாகிவிட்டதா? அப்படியானால் வாட்ஸ்அப்பின் இரண்டு நீலக் குறியைக் காதல் கவிதைக்குள் வைக்க ஏன் பயம்? குறி நீலமான பிறகும் கைபேசியைக் கவிழ்த்து வைத்து, எடுத்து, மறுபடி கவிழ்க்கிற கையையும் சேர்த்து எழுதினால், அந்தக் குறியையே பார்த்திராத தலைமுறைக்கும் சேதி போய்ச் சேரும்.

'மகிழ்ந்தன்று', அதாவது மகிழ்ந்தது, என்று அதிலும் உணர்ச்சிச் சொல் இருக்கிறதே என்று எதிரணி எழுந்திருக்கும். இருக்கிறது. எந்த இடத்தில்? ஆறாவது அடியில், ஐந்தடிக்கு வேலை நடந்து முடிந்த பிறகு, 'நுண்ணிதின்' என்று அளவைக் குறைத்துக்கொண்டு. வினைமுற்றைக் கடைசிவரை நிறுத்திவைக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. அந்த வசதியைக் கூடலூர் கிழார் முழுசாகப் பயன்படுத்துகிறார். இன்னொன்றும் உண்டு. இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தின அடிக்கு மட்டும் மூன்று. 'இனிதெனக் கணவன் உண்டலின்' அந்த மூன்று சீர் அடி. ஒரு சீர் குறைந்ததால் மூச்சு தட்டி நிற்கிறது. அதன் பிறகே முகம் மலர்கிறது. குறுந்தொகை 40இன் 'செம்புலப் பெயனீர் போல' என்பதும் அதே இடத்து அடிதான்.

1934இல் ந. பிச்சமூர்த்தி 'மணிக்கொடி' இதழில் 'காதல்' என்ற புதுக்கவிதையை எழுதியதும், 1959இல் 'எழுத்து' இதழ் தொடங்கியதும் அந்தச் சீர்க்கணக்கிலிருந்து நமக்கு விடுதலை தந்தன. நல்லதுதான். ஆனால் அந்தக் காலி இடத்தில் வைக்க இன்றைய கவிஞர் கையில் பெரிதாக இருப்பவை இரண்டு: வரியை முறிக்கும் இடம், விவரம்.

எதிரணிக் கொள்கைப்படி ஒரு மாதிரிக் கவிதை. யாருடையதும் இல்லை, இந்த மேடைக்காகச் செய்தது.

அப்பா
உன் வலிகளை
மௌனமாய்ச் சுமந்தாய்
இன்று உன் நினைவுகள்
என் விழிகளில் ஈரமாய்

'அப்பா'வை எடுத்துவிட்டு 'அம்மா' போடுங்கள். நிற்கிறது. 'தோழி' போடுங்கள், நிற்கிறது. 'மேனேஜர்' போடுங்கள், அதுவும் நிற்கிறது! யாரைப் போட்டாலும் நிற்கிறதென்றால் உள்ளே யாருமே இல்லை. வலி, மௌனம், நினைவு, ஈரம்: ஐந்து வரிக்கு நான்கு சரக்கு, நான்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 'உன் வலிகளை' என்று வரியை முறித்தால் அடுத்து வருவது 'சுமந்தாய்' என்று இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். முறித்து என்ன பயன்?

இதைப் பழுது பார்க்க முதலில் அந்த நான்கையும் அடிக்க வேண்டும். பிறகு கேள்வி: அப்பாவின் கை என்ன செய்தது? எதை வைத்து? மாதத்தில் எந்தப் பக்கம்? பார்த்துக்கொண்டு நின்றது யார்? பதில்களை ஒரு பக்கம் உரைநடையாகவே எழுதலாம். அதில் எல்லா அப்பாவும் செய்கிறதை எல்லாம் தள்ளிவிட்டு, இந்த அப்பா செய்தது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி வரலாம்:

மாசக் கடைசி.
பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து
உள்ளே ஒட்டியிருப்பதை
எங்கள் மூன்று பேர் விரலுக்கும் காட்டுவார் அப்பா.
அவர் விரலில்
உப்பு.

பாசம் என்ற சொல் இல்லை. 'அவர் விரலில்' என்று முறித்த இடத்தில் பற்பசையை எதிர்பார்க்கிறீர்கள், உப்பு வருகிறது. 'காட்டினார்' என்று இருந்தால் ஒருநாள் சம்பவம். 'காட்டுவார்' என்பதால் மாதாமாதம். இதைக் கெடுப்பது ரொம்ப சுலபம். ஏழாவது வரியாக 'அதுதான் அப்பா!' என்று சேர்த்துவிடுங்கள். முகநூலில் விருப்பக்குறி கூடும். கவிதை செத்துப்போகும், ஏனென்றால் உப்பிலிருந்து வாசகர் தாமே போய்ச் சேர இருந்த இடத்தில் நாம் முந்திக்கொண்டு பெயர்ப்பலகை நட்டுவிட்டோம். பல கைப்பிரதிகளில் கடைசி இரண்டு வரியை விரலால் மறைத்துப் படித்தாலே கவிதை தேறிவிடும்.

மளிகைச் சீட்டுக்கு வருகிறேன். அம்மி, ஆட்டுக்கல், அரிக்கேன் விளக்கு, கோலிக்குண்டு என்று அடுக்கி, 'எங்கே போயின?' என்று முடியும் கவிதைகள் இருக்கின்றன. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். பொருள் இருக்கிறது, தொட்ட கை இல்லை. தொல்காப்பியர் சொன்ன முதல் (இடமும் காலமும்), கரு (அங்கே இருக்கும் உயிர்களும் பொருள்களும்), உரி (உணர்ச்சி) மூன்றில் பாட்டுக்கு உரிப்பொருளே தலையாயது என்பதும் உண்மை. எதிரணிக்கு அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்த உரியைக் கருப்பொருள் வழியாகக் காட்டியதுதான் சங்கக் கவிஞர்களின் சாமர்த்தியம். அம்மியை எழுத வேண்டுமா? அது ஒன்றே போதும். அதை யார், எவ்வளவுக்கு விற்றார்கள், விற்ற அன்று வீட்டில் என்ன குழம்பு என்று எழுதுங்கள்.

தன் ஊர்ப் பக்கத்துக் குடியானவர் பேச்சிலேயே தாயையும் தகப்பனையும் உறவுக்காரர்களையும் பழமலய் எழுதிய 'சனங்களின் கதை' 1988இல் வந்தது. அதில் வருகிறவர்களை வேறு ஊரில் கொண்டுபோய் வைக்க முடியாது. சொந்தப் பெயர்களை எழுதும்போது ஓர் எச்சரிக்கை. அகப்பாட்டில், அதாவது காதல் பாட்டில், 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்', யார் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்றது தொல்காப்பியம். இன்று அந்தத் தடை இல்லை. ஆனாலும் 'சுந்தரி அத்தை' என்று மட்டும் எழுதினால் வெளியாள் வாசலிலேயே நிற்பார். புகுந்த வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு திரும்பி வந்தவர் என்று அரை வரி கொடுத்தால் உள்ளே வந்துவிடுவார்.

நினைவு என்றாலே கண்ணீர் என்றும் இடையில் சொன்னார் நண்பர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை வைத்து இலங்கைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை'யைப் பாருங்கள். கொல்ல வந்த காவலர்கள் சிவில் உடையில் இருக்கிறார்கள். புத்தரின் சடலம் கிடப்பது நூலகப் படிக்கட்டருகே. மூடுவதற்குப் பயன்படும் புத்தகம் தொண்ணூறாயிரம். உடையையும் படிக்கட்டையும் எண்ணையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் இரங்கற்பா.

இன்னும் பழையது, புறநானூறு 112. பாரி இறந்து, பறம்பு மலை பறிபோன பின் அவன் மகளிர் பாடியது. அந்த மாத வெண்ணிலவில் எங்கள் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத வெண்ணிலவில் முரசறைந்த வேந்தர் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. ஐந்தே அடி, அதில் இருப்பதும் இல்லாததும் மட்டும். இரண்டு முறையும் அதே நிலவு.

மணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் அந்த ஐந்தடியில் அழுகை, துயரம், வலி என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டிவிட்டு உரையைத் தொடங்கட்டும். வணக்கம்.