நிற்கப் போகிறது என்று சொல்லி நிற்காத காலம்

மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பள்ளி மைதானத்தைத் தந்த தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் கொடுத்த தம்பி, வீடு வீடாக வந்து நமக்குப் பிரஷர் பார்க்கும் செவிலியர் அக்கா (அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள், பலமாக), பீடித் தட்டை ஓரம் வைத்துவிட்டு வந்திருக்கும் அக்கா தங்கைகளே, ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாதவிலக்கு நிற்கப் போகும் வயதைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். உடம்புக்குள் என்ன நடக்கிறது, என்ன சாப்பிடலாம், வீட்டை விட்டு வெளியே போகும்போது என்ன செய்வது.

முதலாவது. மாதவிலக்கு நிற்பதற்கு முன்னால் சில வருடங்கள் இழுக்கும் இந்தக் காலத்தை டாக்டர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சீராகக் குறைந்துகொண்டே போகும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை, ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் விழும். முட்டை வெளிவராத மாதத்தில் புரோஜெஸ்டிரான் என்கிற இன்னொரு ஹார்மோன் போதாமல் கருப்பையின் உள்சவ்வு தடித்துப்போய், வரும்போது கொட்டித் தீர்க்கும். மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் இடம் சின்ன மாற்றத்துக்கே பதறி வியர்க்க வைக்கும். நம்ம வேலூர் வெயிலிலேயே அக்னி நட்சத்திரத்தில் தூக்கம் வராது, இதில் உள்ளிருந்தும் ஒரு அனல். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் வீட்டுக்காரர் "என்ன, கோபமா?" என்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

என் நாத்தனாருக்கு 46 வயது. மூன்று மாதம் வராமல் இருந்ததும் "விட்டுது அண்ணி சனியன்" என்று சந்தோஷப்பட்டாள். ஒரு சித்திரை மத்தியானம், கல்யாணத்துக்குப் போன இடத்தில், பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளிர் மஞ்சள் புடவை. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்கு ஓடினோம், பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் டீக்கடையைக் காட்டினார், டீக்கடைக்காரர் இன்னொருவரைக் காட்டினார், அவர் சாப்பிடப் போயிருந்தார். இவள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், கண்ணில் தண்ணீர். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கூடையை மூடியிருந்த ஈரத்துணியைப் பிழிந்து உதறி இவள் இடுப்பில் சுற்றிவிட்டு, "என் தங்கச்சி வீடு பின்னாடிதான், வா கண்ணு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கல்யாணத்துக்கு நாங்கள் போகவே இல்லை. அந்தத் துணியில் மல்லிகை வாசம் அடித்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

அந்தப் பாட்டிக்கு எப்படித் தெரிந்தது? அவரும் ஒரு நாள் அப்படி நின்றிருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறோம். சாவி வைத்திருக்கிறவர்களுக்கு இது வருவதில்லை, அதுதான் என் வருத்தம்.

மருத்துவர் ஐயா இருக்கும்போது நான் அதிகம் சொல்லக் கூடாது. இரண்டு மட்டும். வந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள், தூக்கம் கெட்டதையும் எழுதுங்கள், ஏனென்றால் ஒரு தடவை எடுத்த ரத்த டெஸ்ட்டில் இந்த ஏற்ற இறக்கம் பிடிபடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற மாதிரி போனாலோ, 12 மாதம் நின்றுபோன பிறகு திரும்ப ரத்தம் பட்டாலோ உடனே டாக்டரிடம் போங்கள். இதற்கு மருந்து இருக்கிறது, பொறுத்துக்கொள்வதே பெண்ணின் பெருமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாப்பாட்டைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன், நேரமாகிறது.

இப்போது மனு. பெண்கள் கழிப்பறை நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், தண்ணீரும் வாளியும் கொக்கியும் இருக்க வேண்டும், பஸ் ஸ்டாண்டிலும் நாம் வேலை செய்யும் இடத்திலும். தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நோட்டு அந்த வேப்பமரத்தடி மேஜையில் இருக்கிறது. கைநாட்டும் வைக்கலாம், மை வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை குறைதீர்வு நாளுக்குச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் போகிறோம், காலை எட்டு மணிக்கு இதே இடத்தில் நிற்பேன்.